ஜொகூர்த் தமிழ் வாசகரும் தேசிய நூலக அமைப்பும்: சேவைகளும் நம் கடமைகளும்

1. முன்னுரை

ஒரு நாட்டின் தேசிய நூலகம் இருவகைப் பணிகளை ஆற்றுகின்றது. அந்நாட்டில் வெளிவரும் அறிவுப் படைப்புகளைத் திரட்டி வருங்காலத்திற்கெனக் காப்பது ஒன்று. இன்று வாழும் மக்கள் அவற்றைப் பயன்படுத்த வழி செய்வது மற்றொன்று. மலேசியாவில் முதற்பணி பெரும்பாலும் கோலாலம்பூரிலுள்ள தேசிய நூலகத்தில் நிகழ்கின்றது. இரண்டாம் பணியின் பெரும்பகுதி மாநிலப் பொது நூலகங்கள் வழியாக நிகழ்கின்றது. இவ்விரு பணிகளிலும் தமிழுக்குச் சட்டப்படி இடமுண்டு. ஆயினும் அவ்விடம் நிரம்புவதும் வெறுமையாய்க் கிடப்பதும் தமிழ் நூலை வெளியிடுவோரையும் நாடுவோரையும் பொறுத்தே அமைகின்றன. இக்கட்டுரை, ஜொகூர் மாநிலத்தை மையமாகக் கொண்டு, தேசிய நூலக அமைப்பின் தோற்றத்தையும் அது பொதுமக்களுக்கு வழங்கும் சேவைகளையும் விளக்குகின்றது. அவற்றுள் தமிழாசிரியர்களும் ஆய்வாளர்களும் மேற்கொள்ளத்தக்க பணிகளையும் எடுத்துரைக்கின்றது.

2. தேசிய நூலகத்தின் தோற்றம்

மலேசியத் தேசிய நூலகம் 1966ஆம் ஆண்டில் தேசிய ஆவணக் காப்பகத்தின் கீழ் ஒரு சிறு பிரிவாகத் தொடங்கியது. 1972ஆம் ஆண்டில் தேசிய நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. 1977ஆம் ஆண்டில் அது ஆவணக் காப்பகத்தினின்று பிரிந்து தனித்த கூட்டரசுத் துறையாயிற்று. மலாய் மக்களின் தலைப்பாகையாகிய தெங்கோலோக்கின் வடிவில் துன் ரசாக் சாலையில் அமைந்துள்ள இன்றைய கட்டடம் 1990களின் முற்பகுதியில் பயன்பாட்டிற்கு வந்தது. 2020ஆம் ஆண்டில் இந்நூலகம் ஒற்றுமைத் துறை அமைச்சின் பொறுப்பிற்கு மாற்றப்பட்டது.

1972ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய நூலகத்திற்கு வகுத்த நோக்கங்களை மூன்றாகத் தொகுத்துரைக்கலாம். முதலாவது, இன்றைய தலைமுறையினருக்கும் வருந்தலைமுறையினருக்கும் உரிய தேசிய நூற்றொகுதியை உருவாக்குதல். இரண்டாவது, நாடெங்கும் உள்ள நூல்வளங்களை மக்கள் எளிதில் பெறச் செய்தல். மூன்றாவது, நாட்டின் நூலகங்களுக்கு வழிகாட்டி அவற்றை ஒருங்கிணைத்தல். இம்மூன்றாம் நோக்கமே ஜொகூரின் பொது நூலகங்களைத் தேசிய அமைப்புடன் இணைக்கின்றது.

3. நூலக வரலாற்றில் ஜொகூர்

மலேசிய, சிங்கப்பூர் நூலக வரலாறுகள் இரண்டிலும் ஜொகூருக்குத் தொடர்புண்டு என்பது பலரும் அறியாத செய்தியாகும். மலேசியப் பொது நூலகங்களின் வளர்ச்சிக்கு அடிப்படையாக அமைந்த வரைவுத் திட்டம் 1968ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை எழுதியவர் அந்நாளில் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் இயக்குநராக விளங்கிய ஹெட்விக் அனுவார் அம்மையார் ஆவார். இவர் 1928ஆம் ஆண்டில் ஜொகூர் பாருவில் பிறந்தவர். ஒவ்வொரு மாநிலமும் தனக்கெனப் பொது நூலக அமைப்பு ஒன்றைக் கொண்டிருக்க வேண்டும் என்னும் கருத்து அவ்வறிக்கையின் வழி வலுப்பெற்றது. அதன்பின் மாநிலந்தோறும் பொது நூலகக் கழகங்கள் மாநிலச் சட்டங்களின் கீழ் உருவாயின. ஜொகூர்ப் பொது நூலகக் கழகமும் அவ்வகையினது.

மற்றொரு தொடர்பு மூவார் நகரைச் சார்ந்தது. சிங்கப்பூரின் ராபிள்ஸ் நூலகம் நெடுங்காலம் சந்தா செலுத்துவோருக்குரிய ஆங்கில நூலகமாகவே இருந்தது. 1953ஆம் ஆண்டில் ரப்பர்த் தொழிலதிபர் லீ கோங் சியான் புதிய நூலகக் கட்டடத்திற்கென 375,000 வெள்ளி நன்கொடை அளிக்க முன்வந்தார். அந்நூலகம் மக்களுக்குக் கட்டணமின்றித் திறந்திருக்க வேண்டும் என்றும், இந்நாட்டு மக்கள் பேசும் மொழிகளின் நூல்கள் அதில் இடம்பெற வேண்டும் என்றும் அவர் நிபந்தனை விதித்தார். 1958ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் இதற்கு வழிவகுத்தது. ஸ்டாம்போர்ட் சாலையில் எழுந்த புதிய கட்டடம் 1960ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் திறப்பு விழாக் கண்டது. தமிழ் நூல்கள் பொது நூலக அடுக்குகளில் உரிமையுடன் இடம்பெற இந்நிபந்தனை துணைநின்றது. லீ கோங் சியான் தம் சொந்த ரப்பர்த் தொழிலைத் தொடங்கியது 1927ஆம் ஆண்டில், ஜொகூரின் மூவார் நகரில் ஆகும். இந்நிலத்து ரப்பர்த் தொழில் சீனர், மலாய்க்காரர், தமிழர் ஆகியோரின் உழைப்பால் வளர்ந்தது. அதில் விளைந்த செல்வத்தின் ஒரு பகுதியே மக்கள் மொழிகளுக்கு நூலகக் கதவைத் திறந்தது எனலாம்.

4. ஒப்படைப்புச் சட்டமும் தமிழ் வெளியீடுகளும்

தேசிய நூலகத்தின் காக்கும் பணிக்கு அடித்தளமாக இருப்பது ஒப்படைப்புச் சட்டமாகும். 1966ஆம் ஆண்டின் நூல் பாதுகாப்புச் சட்டத்திற்கு மாற்றாக 1986ஆம் ஆண்டில் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இதன்படி மலேசியாவில் வெளியிடப்படும் அச்சு நூல் ஒவ்வொன்றிலும் 5 படிகளை, வெளியான ஒரு மாதத்திற்குள், வெளியிடுவோர் தம் செலவில் தேசிய நூலகத்திற்கு அளித்தல் வேண்டும். ஒலி, ஒளிப் பதிவுகள் போன்ற அச்சல்லாப் பொருள்களில் 2 படிகள் போதுமானவை. இச்சட்டம் மொழி வேறுபாடு பார்ப்பதில்லை. மலாய் நூலுக்குரிய கடமையும் பாதுகாப்பும் தமிழ் நூலுக்கும் உண்டு.

இங்குக் கருத்திற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. வெளியிடுவோர் என்னும் சொல் பெரும் பதிப்பகங்களை மட்டும் குறிப்பதன்று. மலேசியத் தமிழ் நூல்களுள் பெரும்பாலானவை எழுத்தாளர்கள் தாமே பணம் செலவிட்டு அச்சிட்டவை. பள்ளிகள், ஆலயங்கள், இளைஞர் மன்றங்கள், எழுத்தாளர் சங்கங்கள் வெளியிடும் மலர்களும் உள்ளன. நூல் வெளியீட்டு விழாவில் முதற்படி பெறுவோர் யார் என்று திட்டமிடும் நம்மவர், தேசிய நூலகத்திற்குரிய 5 படிகளைப் பல வேளைகளில் மறந்துவிடுகின்றனர். முந்நூறு, ஐந்நூறு படிகளே அச்சாகி நண்பர்களுக்குள் விற்றுத் தீரும் நூல், இருபது ஆண்டுகளுக்குப் பின் ஆய்வாளன் தேடும்போது கிடைப்பதரிது. ஒப்படைக்கப்பட்டிருப்பின் அதனைக் கோலாலம்பூரில் கேட்டுப் பெறலாம்.

ஜொகூரைப் பொறுத்தவரை இம்மலர்களின் மதிப்பு மிகப் பெரிது. இம்மாநிலத் தமிழர் வரலாறு பெரிதும் தோட்டப்புற வரலாறாகும். ரப்பர் செம்பனையாகவும், செம்பனை வீடமைப்புப் பகுதியாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறிய காலங்களில் தோட்டக் குடியிருப்புகள் கலைந்தன. 2006ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இஸ்கண்டார் வளர்ச்சித் திட்டம் தென் ஜொகூரில் இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. தோட்டம் மறைந்த பின்னும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நகர்ப்புறத்தில் இயங்கும் தமிழ்ப்பள்ளிகள் பல. ஒரு தோட்டத்தில் எத்தனை குடும்பங்கள் வாழ்ந்தன, எவ்வாண்டில் பள்ளி எழுந்தது, எந்தத் தலைமையாசிரியர் பணியாற்றினார் என்னும் செய்திகளுக்குப் பொன்விழா மலரும் குடமுழுக்கு மலருமே சான்றாக எஞ்சுவதுண்டு. அவையும் பெரும்பாலும் தனியார் அலமாரிகளில் கறையானுக்கு இரையாகின்றன.

ஒப்படைப்பின் பயன் யாது என்பதற்கு வரலாற்றிலேயே சான்றுண்டு. நீரிணைக் குடியேற்றங்களில் 1886ஆம் ஆண்டில் நூற்பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அச்சகத்தார் தம் வெளியீடுகளின் படிகளை அரசிடம் அளித்தனர். அவற்றுட் சில இலண்டனையும் சென்றடைந்தன. 1887 முதல் 1890 வரை சிங்கப்பூரில் வெளிவந்த சிங்கை நேசன் இதழை இன்றைய ஆய்வாளர் படிக்க முடிவது, படிகள் நூலகத்தில் காக்கப்பட்டதனாலேயே ஆகும். ஜொகூரோ நீரிணைக் குடியேற்றங்களுள் அடங்காத தனி அரசு. அச்சட்டம் இங்குச் செல்லுபடியாகவில்லை. கடலிடுக்கின் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஒரு கல் தொலைவே எனினும் காக்கும் சட்டம் அன்று இக்கரைக்கு எட்டவில்லை. இன்று அச்சட்டம் உள்ளது. அதனைப் பயன்கொள்ளுதல் நம் பொறுப்பாகும்.

நாளிதழ்களுக்கும் இது பொருந்தும். 1924ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் நேசன் 2019ஆம் ஆண்டில் தன் வெளியீட்டை நிறுத்திக்கொண்டது. தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஜொகூர்த் தோட்டங்களின் செய்திகளையும் எழுத்தாளர்களின் சிறுகதைகளையும் தாங்கி வந்த அவ்விதழை இனித் தேடுவோர் நூலகங்களையே நாட வேண்டும்.

5. பொதுமக்களுக்கான சேவைகள்

தேசிய நூலக அமைப்பின் சேவைகளை வாசகருக்குரியவை, வெளியிடுவோருக்குரியவை என இருவகைப்படுத்தலாம்.

வாசகருக்குரிய சேவைகளுள் படிப்பறை, இரவல், மேற்கோள் உதவி, இணையவழிப் பட்டியல், மின்னூல் ஆகியன அடங்கும். கோலாலம்பூருக்குச் செல்ல இயலாத ஜொகூர் வாசகருக்கு நான்கு வழிகள் உள்ளன. முதலாவது, மாநிலப் பொது நூலகக் கழகத்தின் நூலகங்கள். ஜொகூர் பாரு, மூவார், பத்து பகாட், குளுவாங், சிகாமட் முதலிய பெருநகரங்களில் வாழ்வோருக்கு இவையே அண்மையில் உள்ளவை. இரண்டாவது, கிராம நூலகங்கள். தேசிய நூலகத்தின் துணையோடு நாடெங்கும் நிறுவப்பட்ட இவற்றின் எண்ணிக்கை 2010களில் ஆயிரத்தைத் தாண்டியது. மூன்றாவது, நூலகங்களுக்கிடையிலான இரவல். ஒரு நூலகத்தில் இல்லாத நூலை வேறொரு நூலகத்திலிருந்து வருவித்துத் தருமாறு வாசகர் கேட்கலாம். ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பத்து பகாட் வட்டாரத்திலுள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் நூலகங்களும் இம்மாநிலத்தில் உள்ளன. நான்காவது, மின்னூல் சேவை. யு-புஸ்தாகா என்னும் பெயரில் 2010களின் தொடக்கத்தில் தேசிய நூலகமும் வேறு சில நூலகங்களும் கூட்டாகத் தொடங்கிய திட்டம், ஒரே உறுப்பியத்தின் வழி பல நூலகங்களின் வளங்களை இல்லத்திலிருந்தே பெறும் நோக்கத்தை உடையது.

வெளியிடுவோருக்குரிய சேவைகளுள் முதன்மையானது அனைத்துலகத் தர நூல் எண் வழங்குதலாகும். மலேசியாவில் இவ்வெண்ணைத் தேசிய நூலகமே வழங்குகின்றது. 2007 முதல் 13 இலக்கங்களைக் கொண்ட இவ்வெண் மலேசிய நூல்களில் 978-967, 978-983, 978-629 ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டு தொடங்கும். பருவ இதழ்களுக்குத் தனி எண் உண்டு. நூல் அச்சேறுமுன் அதற்குரிய பட்டியல் விவரத்தைத் தேசிய நூலகம் ஆயத்தம் செய்து தரும் ஏற்பாடும் உள்ளது; அவ்விவரம் நூலின் உரிமைப் பக்கத்தில் அச்சிடப்பெறும். எண் பெறுதலும் படி ஒப்படைத்தலும் இருவேறு செயல்கள் என்பதை வெளியிடுவோர் நினைவிற்கொள்ளல் நன்று. எண் பெற்றதனாலேயே நூல் நூலகத்தைச் சென்று சேர்ந்ததாகாது.

ஒப்படைக்கப்பட்ட நூல்களைப் பதிவுசெய்யும் மலேசியத் தேசிய நூற்பட்டியல் 1967 முதலான வெளியீடுகளை உள்ளடக்குகின்றது. மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றோடு தமிழும் அதில் இடம்பெறுகின்றது. இந்நாட்டில் எத்தனை தமிழ் நூல்கள் வெளிவந்தன என்று கேட்போருக்கு அரசு தரும் விடை இப்பட்டியலிலிருந்தே பிறக்கும். ஒப்படைக்கப்படாத நூல் அக்கணக்கில் இல்லாத நூலாகும்.

6. பட்டியலில் தமிழ் நூலைத் தேடுதல்

தமிழ் நூல் நூலகத்தில் இருந்தும் கிடைக்காமற் போவதுண்டு. பட்டியலில் அது பதியப்பட்டுள்ள முறையை வாசகர் அறியாமையே இதற்குக் காரணம். உலக நூலகங்கள் பல, தமிழ்ப் பெயர்களை உரோமன் எழுத்தில் எழுதும்போது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ஒலிபெயர்ப்பு முறையைத் தழுவுகின்றன. இம்முறை ஒலிப்பை விடுத்துத் தமிழ் எழுத்தைப் பின்பற்றுவது. சான்றாக, சுப்பையா என்னும் பெயரை நாம் வழக்கமாக 'எஸ்' என்னும் எழுத்தில் தொடங்கி, நடுவில் 'பி' எழுத்தை இரட்டித்து எழுதுவோம். ஒலிபெயர்ப்பு முறையிலோ சகரம் எங்கும் 'சி' எனும் மூன்றாம் ஆங்கில எழுத்தாலும், பகரம் எங்கும் ஒரே எழுத்தாலும் குறிக்கப்பெறும். ஆதலின் அடையாள அட்டையிலுள்ள எழுத்துக்கூட்டலைக் கொண்டு தேடுவோருக்கு நூல் புலப்படாது. ஆசிரியர் பெயரை இருவகையாகவும் எழுதித் தேடுதலும், தமிழ் எழுத்தில் தேட வசதியுள்ள இடங்களில் அவ்வாறே தேடுதலும் பயன்தரும்.

அடுக்குகளில் நேரே தேட விழைவோருக்கு வகைப்பாட்டு எண் துணைசெய்யும். டூயி பகுப்பு முறையில் தமிழ்மொழி பற்றிய நூல்கள் 494.811 என்னும் எண்ணிலும், தமிழ் இலக்கியம் 894.811 என்னும் எண்ணிலும் அமையும். தமிழர் வரலாறு, சமயம், இசை பற்றிய நூல்கள் அவ்வத்துறை எண்களுக்குச் சென்றுவிடும். ஆயினும் சில பொது நூலகங்கள் தமிழ் நூல்கள் அனைத்தையும் ஒரு மூலையில் சேர்த்து வைப்பதுண்டு. இவ்விரு வழக்கங்களுள் எது தம் ஊர் நூலகத்தில் உள்ளது என்பதை ஆசிரியர் முதலில் அறிந்து மாணவருக்கு உரைத்தல் வேண்டும்.

தமிழ் அறிந்த பட்டியலாளர் குறைவாக உள்ள நூலகத்தில், நூல் தன்னைத்தானே அறிமுகம் செய்துகொள்ள வேண்டியுள்ளது. தலைப்புப் பக்கத்தின் பின்புறம் நூலின் பெயர், ஆசிரியர் பெயர், வெளியிட்ட இடம், ஆண்டு ஆகியவற்றை உரோமன் எழுத்திலும், பொருள் பற்றிய ஒரு வரிக் குறிப்பை மலாயிலும் அச்சிடுதல் எளிய உதவியாகும். ஆண்டு குறிக்கப்படாத தமிழ் வெளியீடுகள் பட்டியலாளருக்கும் பின்வரும் ஆய்வாளருக்கும் தரும் இடர்ப்பாடு சொல்லி மாளாது.

7. அண்டை நாட்டின் படிப்பினை

சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியம் 1995ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் அமைக்கப்பட்டது. விக்டோரியா சாலையிலுள்ள தேசிய நூலகக் கட்டடம் 2005ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1935ஆம் ஆண்டில் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு இதழின் பல ஆண்டுகளுக்குரிய பக்கங்களை வாரியம் மின்னுருவாக்கியுள்ளது. மலாயாவும் சிங்கப்பூரும் ஒரே இலக்கியக் களமாய் விளங்கிய காலத்து ஜொகூர்ச் செய்திகளை இவ்விதழில் காணலாம் என்பதால், இம்மாநில ஆய்வாளருக்கு இது பெரும் புதையலாகும்.

இதனினும் நமக்குப் படிப்பினையாவது 2015ஆம் ஆண்டில் நிறைவுற்ற தமிழ் மின்மரபுடைமைத் திட்டமாகும். சிங்கப்பூர் விடுதலை பெற்ற 1965 முதல் ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்களுள் 350 நூல்கள் மின்னுருப் பெற்றன. அரசு அமைப்புகளின் ஆதரவு அதற்குக் கிடைத்தது. ஆயினும் முன்னின்று நூல்களைத் தேடித் திரட்டி, எழுத்தாளர்களிடமும் அவர்தம் குடும்பத்தாரிடமும் இசைவு பெற்றவர்கள் தமிழ்ச் சமூகத் தொண்டர்களே. நூலகத்தின் கருவிகளும் சமூகத்தின் கால்நடையும் சேர்ந்தபோது பணி முடிந்தது.

மலேசியாவிலும் இதற்கு முன்னோடி உண்டு. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராய் 1960களில் விளங்கிய தனிநாயகம் அடிகள் தமிழாய்வு நூல்களுக்கான வழிகாட்டி ஒன்றை 1966ஆம் ஆண்டில் வெளியிட்டார். இராம சுப்பையா மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்கள், இதழ்களின் பட்டியலைத் தொகுத்தார். அதனை மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969ஆம் ஆண்டில் வெளியிட்டது. இன்றும் மலேசியத் தமிழிலக்கிய ஆய்வுக்கு அது தொடக்கப் படியாக விளங்குகின்றது.

8. ஆசிரியர்கள் மேற்கொள்ளத்தக்க பணிகள்

ஜொகூரில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. இப்பள்ளிகளே இம்மாநிலத்தில் தமிழ் நூலுக்கும் நூலகத்துக்கும் இடையே அமையக்கூடிய இயல்பான பாலங்களாகும்.

முதலாவதாக, தமிழ் நூலுக்கான கேட்பை நூலகத்தில் பதிவு செய்தல் வேண்டும். பொது நூலகம் நூல் வாங்கும்போது இரவல் கணக்கைப் பார்ப்பது இயல்பு. தமிழ் அடுக்கிலுள்ள நூல்கள் இரவல் போகாவிடின் புதியன வாங்குவதற்கு நூலகர் காரணம் காட்ட இயலாது. கல்வி அமைச்சு 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய நீலாம் வாசிப்புத் திட்டத்தின்படி மாணவர்கள் படித்த நூல்களைப் பதிவு செய்கின்றனர். அந்நூல்களுட் சிலவற்றையேனும் பள்ளி வள மையத்திற்கு வெளியே, மாவட்டப் பொது நூலகத்தின் தமிழ் அடுக்கிலிருந்து பெறுமாறு பணித்தால், ஒரே முயற்சியால் மாணவர் வாசிப்பும் நூலகத்தின் கணக்கும் உயரும். வேண்டிய நூல் இல்லையெனில் அதன் பெயர், ஆசிரியர், பதிப்பகம், நூல் எண் ஆகியவற்றை எழுதிக் கேட்டல் வேண்டும். தமிழ் நூல் வேண்டும் என்று பொதுவாகக் கூறும் கோரிக்கையை நூலகர் நிறைவேற்றுதல் கடினம்.

இரண்டாவதாக, பள்ளி வெளியிடும் மலர், மாணவர் படைப்புத் தொகுப்பு ஆகியவற்றை ஒரு மாதத்திற்குள் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கும் வழக்கம் ஏற்படல் வேண்டும். மலர்க்குழுவின் செலவுத் திட்டத்திலேயே 5 படிகளையும் அஞ்சற் செலவையும் சேர்த்துவிட்டால் இது தவறாது நிகழும். ஊர் ஆலயத்துக்கும் மன்றத்துக்கும் இச்செய்தியை எடுத்துச் சொல்லத் தக்கவரும் ஆசிரியரே.

மூன்றாவதாக, மாவட்டவாரிப் பட்டியல் ஒன்று தேவை. ஜொகூரில் 10 மாவட்டங்கள் உள்ளன. மாவட்டத்திற்கு ஓர் ஆசிரியர் குழு அமைந்து, தம் வட்டாரத்தில் வெளிவந்த நூல்கள், மலர்கள், கையெழுத்து இதழ்கள் ஆகியவற்றின் பெயர், ஆண்டு, இன்று படி இருக்கும் இடம் என்னும் மூன்று விவரங்களை மட்டும் திரட்டினாலும் 1969ஆம் ஆண்டுப் பட்டியலுக்குப் பின் தொடர்ச்சி கிடைக்கும். பல்கலைக்கழகத் துறைகள் இதனை மாணவர்களின் களப்பணியாக வகுத்து, ஆசிரியர் குழுக்களுக்குத் துணைநிற்கலாம்.

9. முடிவுரை

இந்நாட்டின் நூலகச் சட்டங்கள் தமிழைப் புறந்தள்ளவில்லை. 1972ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய நூற்றொகுதியில் அதற்கு இடமளித்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் காக்கும் கடமையை நூலகத்தின் மேல் சுமத்தியது. மாநில நூலகங்கள் உறுப்பியத்தை யாவருக்கும் திறந்து வைத்துள்ளன. எஞ்சியிருப்பது, வெளியிட்ட நூலை ஒப்படைப்பதும் வேண்டிய நூலைக் கேட்பதும் ஆகிய இரு செயல்களே. ஜொகூரின் பழைய தோட்டங்களில் பிறந்து வளர்ந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பலர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களிடமுள்ள மலர்களும் இதழ்களும் நூலகத்தைச் சேரும் முன்னரே அழிந்துபோயின், அவற்றை மீண்டும் உருவாக்க எந்தச் சட்டத்தாலும் இயலாது. ஆகவே பட்டியலிடும் பணி, வெளியீட்டுப் பணிக்கு நிகரான தமிழ்ப்பணியாகக் கருதப்பெற்று, காலந்தாழ்த்தாது தொடங்கப்பெறுதல் வேண்டும்.